செல்லக்கண்ணு காலமாகவில்லை

ஆணியிலிருந்து மாலையைக் கழற்றி ஓர் உதறு உதறி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறார் செல்லக்கண்ணு. வாடியிருந்தால் சந்து முனையில் நிற்கும் மாட்டுக்கு. வாடாமல் இருந்தால் அது எதிர்ப் பூக்கடை கௌரம்மாவிடம் திரும்பிப் போகும். “நேத்து சாயங்காலம் நீ வித்த மாலெதான் கௌரக்கா. வாபஸ் எடுத்துக்க. எனக்கு ஒரு டீ சொல்லிரு.” பிறகு கீழே குனிந்து, செருகியிருக்கும் ஊதுபத்திக் குச்சிகளைப் பிடுங்குகிறார். ஒருமுறை அரை மூடித் தேங்காய் கூடக் கிடைத்தது. அதைச் சட்னி அரைத்துவிட்டார். “எம்பட படத்துக்கு வெச்ச தேங்கா. நான் திங்காம வேற யாருங்க திங்கறது?”

படம் அவருடையதுதான். மைசூரு தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு குறுகிய சந்து. அங்கே ஒரு பழைய கிட்டங்கியின் சுவர் முழுக்கச் செல்லக்கண்ணுவின் முகம். ஓவியம் படிக்கும் மாணவர்கள் சிலர் அந்த வட்டாரத்துச் சுவர்களில் படம் போட வந்தபோது, மதன் என்ற பையன் இவரைப் பிடித்துக்கொண்டான். எலுமிச்சம்பழம் விற்கும் அம்மாள் ஆயிற்றே என்று, அறுத்த எலுமிச்சையின் வட்டத்தைச் சுளை சுளையாகத் தலைக்குப் பின்னால் வரைந்தான். அருகில் நின்று பார்த்தால் அது எலுமிச்சை. சந்து முனையிலிருந்து பார்த்தால் ஒளிவட்டம். படத்துக்குக் கீழே அவன் தன் பெயரைப் போட்டு, வருடத்தையும் போட்டுவிட்டுப் போய்விட்டான். வம்பு அங்கே தொடங்கியது.

மைசூருக்கு வருகிறவர்கள் எப்படி வருகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சர்க்கிளுக்குச் சர்க்கிள் ஒரு சிலை. சிலைக்கு மேலே மண்டபம், சுற்றிலும் சங்கிலி, கழுத்தில் மாலை. நாலு சிலை பார்த்து முடிப்பதற்குள் கைகள் தாமாகக் குவியப் பழகிவிடுகின்றன. அதே கைகளோடு இந்தச் சந்துக்குள் நுழைந்தால், ஒளிவட்டத்தோடு ஓர் அம்மாள், கீழே ஒரு வருடம். யாரோ பெரிய தியாகி என்று நினைத்துக்கொள்கிறார்கள். யாரோ ஒரு புண்ணியவான் முதல் ஆணியை அடித்தார். ஆணி இருக்கும் இடத்தில் மாலை வராமல் இருக்குமா?

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டது அப்படித்தான். மதுரையிலிருந்து வந்த சித்தப்பாவுக்கு ஊர் சுற்றிக்காட்டிக்கொண்டிருந்தேன். சுவர்ப்படங்களைப் பார்க்கலாம் என்று சந்துக்குள் அழைத்துப் போனால், அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடி நின்றுவிட்டார். பின்னால், சந்தின் கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது. “சாமீ, கும்புட்டது போதுமுங்க. பழம் ஏதாச்சும் வேணுமுங்களா?” திரும்பிய சித்தப்பா, சுவரில் இருக்கும் அதே முகம் கோணிமேல் உட்கார்ந்து வெற்றிலை மெல்வதைக் கண்டார். பேசாமல் ஒரு டஜன் வாங்கினார். மதுரைக்குப் போன அந்தப் பழங்களை வீட்டில் யாரும் பிழியத் துணியவில்லையாம். பூஜை அறையிலேயே காய்ந்துபோயின.

செல்லக்கண்ணுவின் வியாபாரம் மூன்று கூடைகளில் அடங்கும். வருகிறவரிடம் விலை பேசமாட்டார். முதலில், “சாமிக்கா, ஊறுகாய்க்கா, டயருக்கா?” என்பார். சாமிக்கு என்றால் வடுவில்லாத, ஒரே அளவான பழம். ஊறுகாய்க்கு என்றால் தோல் மெல்லியது. புதுவண்டி சக்கரத்தடியில் வைத்து நசுக்க என்றால், “நசுங்கறதுக்கு என்னத்துக்குங்க நல்ல பழம்?” என்று மூன்றாவது கூடையைத் தள்ளுவார். ஒருநாள் பெரிய கார்க்காரர் ஒருவர் டயருக்கும் சாமிப்பழமே வேண்டும் என்று நின்றார். “காரு சாமியா, நீங்க சாமியா, சொல்லிப்போட்டு எடுங்க” என்றார் செல்லக்கண்ணு. அவர் டயர்ப் பழத்தோடு போனார்.

புளிப்பு மட்டும் அவருக்கு ஆகாது. ரசத்தில் கூடப் புளி குறைவாகப் போடுவார். யாராவது எதிரில் நின்று எலுமிச்சையைக் கடித்தால் இவர் கண்ணை இறுக்கிக்கொள்வார். நாள் முழுக்கப் பழத்தோடு இருக்கிறீர்களே என்றால், “வளையல்காரன் வளையலா போட்டுக்கறான்?” என்று கேட்பார்.

படத்தைப் பற்றி அவருக்குப் பெருமை உண்டு. ஆனால் காட்டிக்கொள்வது குறையைத்தான். மூக்குத்தி வலப்பக்கம் இருக்கவேண்டியது, சுவரில் இடப்பக்கம் இருக்கிறது. மதன் தன் போனின் முன்பக்கக் கேமராவில் எடுத்த படத்தைப் பார்த்து வரைந்ததால் எல்லாம் திரும்பிவிட்டது. “காலேசுல படிக்கறான். மூக்கு எந்தப் பக்கமுன்னு தெரீல” என்று ஒவ்வொருவரிடமும் சொல்வார். மதன் வந்து மாற்றித் தருகிறேன் என்று சொன்னபோது மட்டும், “ஏ, பேடப்பா, வேண்டாம். இருக்கறது இருக்கட்டும்” என்று சுவருக்குக் குறுக்கே நின்றுகொண்டார்.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்துக்காரர். கட்டட வேலைக்கு வந்த கணவரோடு மைசூரு வந்தவர். கணவர் போனபிறகு சித்தாள் வேலையை விட்டுவிட்டு எலுமிச்சையில் உட்கார்ந்தார். மகன் கவின்ராஜ் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். பிறந்த வீடு என்று ஒன்று உண்டு. அங்கே தொட்டையன் என்று ஓர் அண்ணனும் உண்டு. ஆனால் ஏழு வருடமாகப் பேச்சில்லை. அண்ணன் மகள் கனகாவின் கல்யாணத்துக்குப் பத்திரிகையை ஒரு டெம்போக்காரரிடம் கொடுத்தனுப்பிவிட்டார்கள். அத்தைக்காரியை நேரில் வந்து அழைக்கவேண்டாமா? இவர் போகவில்லை. கூடப் பிறந்தவள் பந்தலுக்குக்கூட வரவில்லையே என்று அங்கே அண்ணன் முறுக்கிக்கொண்டார். இரண்டு பக்கமும் மற்றவர் முதலில் பேசட்டும் என்று இருந்துவிட்டார்கள்.

போன பங்குனியில் ஒரு நாள் காலையிலேயே செல்லக்கண்ணு கண் பரிசோதனைக்குப் போயிருந்தார். கூடைகள் மேல் சாக்கு மூடியிருந்தது. அன்று பார்த்து, அவருடைய ஊரிலிருந்து இஞ்சி ஏற்றிவந்த டெம்போ டிரைவர் ஒருவர் சந்துக்குள் வந்தார். சுவரில் படம். படத்தில் மாலை. கீழே ஊதுபத்தி புகைந்துகொண்டிருக்கிறது. கடை மூடியிருக்கிறது. மனம் திடுக்கிட்டு, கடைக்கு எதிரே இருந்த கௌரம்மாவிடம் அக்கா எங்கே என்று கேட்டிருக்கிறார். பூத் தொடுத்துக்கொண்டிருந்த கௌரம்மா தலையைத் தூக்காமலே, “ஹோகிபிட்டரு” என்றார். போய்விட்டார் என்று அர்த்தம். தமிழில் உள்ளதுபோலவே கன்னடத்திலும் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கும் அடியோடு போவதற்கும் அந்த ஒரே வார்த்தைதான். டிரைவர் படத்தைப் போனில் பிடித்து ஊர்க்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டார்.

நான் அன்று உச்சிவேளையில் ஊறுகாய்க்குப் பழம் வாங்கப் போயிருந்தேன். செல்லக்கண்ணு திரும்பிவந்து கடை விரித்திருந்தார். கண்ணில் விட்ட மருந்தால் பார்வை மங்கல். வெளிச்சம் கூசுகிறது என்று முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டு, பழத்தைக் கையால் தடவித் தடவித் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். அப்போது சந்தின் மறுகோடியில், படம் இருக்கும் இடத்தில், ஓவென்று அழுகைச் சத்தம்.

“யாரோ போய்ட்டாங்க போலிருக்குது. வாங்க, பாத்துப்போட்டு வரலாம்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

ஒரு வேன் நிறைய ஜனம் இறங்கியிருந்தது. பெண்கள் கூந்தலை அவிழ்த்துவிட்டுச் சுவரடியில் வட்டமாகக் குந்தியிருந்தார்கள். வீடு எது என்று தெரியாததால், தெரிந்த இடமான படத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். சுற்றுலாப் பயணிகள் இரண்டு பேர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். வயதான ஓர் அம்மாள் மார்பில் அறைந்துகொண்டு பாடத் தொடங்கினார்.

“மைசூருப் பட்டணத்தில்
மதிலேறிப் போனவளே
பாக்காத சனமெல்லாம்
பாத்து நிக்குதடி
பொறந்த ஊட்டைக் கூப்புடாமப்
பொறப்பட்டுப் போனியே”

என் கையைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. “இது எங்க நங்கெ” என்றார் செல்லக்கண்ணு. அண்ணன் மனைவியை அவர்கள் பக்கத்தில் நங்கை என்பார்கள். “லிங்கம்மா குரலுங்க. யாருக்குங்க பாடறா?”

“உங்களுக்குத்தான் என்று நினைக்கிறேன்” என்றேன்.

நான் முன்னால் போய் நிறுத்தச் சொல்லலாம் என்று ஓரடி வைத்தேன். சட்டென்று என்னைப் பின்னுக்கு இழுத்தார். “கம்முனு இருங்க. நல்லாப் பாடறா. பாடட்டும்.”

அப்படியே கூட்டத்தின் பின்வரிசையில் நின்று, தன் ஒப்பாரியைத் தானே கேட்டார். லிங்கம்மா, செல்லக்கண்ணு சின்ன வயதில் கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டியைத் தூக்கியதைப் பாடினார். ஒரு பஞ்சத்தில் தன் கம்மலைக் கழற்றி அண்ணனுக்குக் கொடுத்ததைப் பாடினார். இவர் தலையை ஆட்டினார். “அது நெசந்தானுங்க” என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். பிறகு பாட்டு கல்யாணத்துக்கு வந்தது.

“நடுவூட்டுக் கண்ணாலம்
நங்கை நான் நேர்ல வந்து
நாலு வார்த்தை சொல்லலையே
நாவு வறண்டு நின்னேனே
காயிதத்தைக் குடுத்தனுப்பிக்
கைகழுவிப் போட்டேனே”

செல்லக்கண்ணு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். கண்மருந்து என்று சொல்லமுடியாத அளவுக்குக் கன்னத்தில் வழிந்தது. ஏழு வருடமாக எந்த உயிரும் அவரிடம் வந்து சொல்லாததை, அன்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் அவர் செத்தவராகவே இருந்துவிட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. லிங்கம்மாதான் கெடுத்தார்.

“அறுவது வயசுலயே
அவசரமாப் போனியே
சுருங்கிப்போன உம் மொகம்
சுவத்தோட நின்னிருச்சே”

“ஏனுங்க நங்கெ!” என்று சந்தே அதிர ஒரு சத்தம். “எனக்கு அறுவதுங்களா? உங்களக் காட்டிலும் மூணு வருசம் எளையவ நானு! யாரு மொகமுங்க சுருங்கிக் கெடக்குது?”

வட்டம் அப்படியே சிதறியது. ஒருத்தி செருப்பை விட்டுவிட்டு வேனுக்குள் ஓடினாள். லிங்கம்மா சுவரைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். “மூக்குத்தி மாறியிருக்குது. இது பேயி!” என்று அலறினார். மதன் செய்த பிழையை ஊருக்கே விளக்கிச் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. அதன்பிறகு லிங்கம்மா வந்து இவர் கன்னத்தைத் தொட்டார், தோளைத் தொட்டார், கடைசியில் ஒரு கிள்ளுக் கிள்ளினார். செல்லக்கண்ணு திருப்பிக் கிள்ளினார். அதற்குமேல் இருவரும் கட்டிக்கொண்டு அழுததற்கு எந்தப் பாட்டும் இல்லை.

“ஒரு போன் பண்ணியிருக்கலாமல்லோ?” என்று கௌரம்மா கன்னடத்தில் அங்கலாய்த்தார். கூட்டத்தில் யாரோ பதில் சொன்னார்கள். “எழவுச் சேதி கேட்டுப்போட்டு, செத்தவளுக்கா போன் பண்ணுவாங்க?” மகனுக்குப் பண்ணியிருக்கிறார்கள். ஷிப்டுக்குள் போகும்போது போனை வாங்கி வைத்துவிடுவார்களாம்.

தொட்டையன் மட்டும் வேனருகே ஒரு மஞ்சப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தார். ஒல்லியான, உயரமான மனிதர். அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. செல்லக்கண்ணு அவர் முன்னால் போய் நின்றார்.

“பையில என்னுங்க?”

இவரே பையை வாங்கிப் பிரித்தார். கொள்ளேகால் பட்டு. பாக்கு நிறம், கருநீலக் கரை. இறந்துபோன பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போர்த்த வேண்டிய கோடி.

“இருக்கறப்ப ஒரு நூல்சீலைக்கு வழியில்ல. செத்ததும் பட்டுங்களா?” என்று கேட்டார் செல்லக்கண்ணு. குரலில் கொஞ்சம் பழைய சூடு ஏறியிருந்தது.

“இப்ப எடுத்ததில்ல அம்மிணி” என்றார் தொட்டையன். “கனகா கண்ணாலத்துக்கு உனக்குன்னு எடுத்தது. நீதான் வருலியே. பொட்டியிலயே கெடந்துது.”

செல்லக்கண்ணு சேலையை விரித்தார். மடிப்பு மடிப்பாகப் பழுத்த கோடுகள் ஓடின. கண்ணருகே வைத்துப் பார்த்தார், பார்வைதான் தெரியவில்லை. விரலால் அந்தக் கோடுகளைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “சாப்டீங்களா?” என்றார்.

துக்கச் செய்தி கேட்ட வீட்டில் யார் அடுப்பு மூட்டுவார்கள்? ஒருவரும் பச்சைத்தண்ணீர் குடிக்கவில்லை. மார்க்கெட் ஓரத்து ஓட்டலில் அன்று அடுக்கடுக்காய்த் தோசை போயிற்று. கௌரம்மா தன் ஒற்றை வார்த்தையால் வந்த வினைக்குப் பரிகாரமாக, அவிழ்ந்த கூந்தலுக்கெல்லாம் ஆளுக்கொரு முழம் மல்லிகை கொடுத்தார். உயிரோடு இருப்பவளுக்கு ஒப்பாரி வைத்தால் என்ன கழிப்பது என்று லிங்கம்மா கவலைப்பட்டார். செல்லக்கண்ணு சாமிக் கூடையிலிருந்தே ஒரு பழம் எடுத்துக் கொடுத்தார். லிங்கம்மா அதை நாத்தனாரின் தலையைச் சுற்றி, காலடியில் வைத்து மிதித்தார். செல்லக்கண்ணு கண்ணை இறுக்கிக்கொண்டார். புளிப்பு வாசனை.

வேனை நாள் முழுவதற்கும் பேசியிருந்தார்கள். சுடுகாடு வரைக்கும் போகவேண்டியிருக்கும் என்ற கணக்கு. “வண்டி சும்மா நிக்குது. இத்தன வருசத்துல நாங்க மைசூரே பாத்ததில்ல” என்றாள் கனகா, இடுப்பில் பையனை மாற்றிக்கொண்டே. அவ்வளவுதான். செல்லக்கண்ணு கூடைகள் மேல் சாக்கைப் போட்டார். “எனக்கு இன்னிக்கிக் கண்ணு தெரியாது. நீங்க காட்டுங்க” என்று என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார்.

அப்படியொரு சுற்றுலாவை நான் அதற்கு முன்பும் பின்பும் நடத்தியதில்லை. மண்டபத்துக்குள் நிற்கும் மகாராஜா சிலையைச் சுற்றி வேன் திரும்பியபோது எல்லோரும் கையெடுத்தார்கள். லிங்கம்மா மட்டும் பாதியில் கையை நிறுத்தி, என்னைப் பார்த்து, “இவுரு நெசமாவே போய்ட்டாருங்களா? இல்ல, இவுரும் எங்கியாச்சும் கடை போட்டிருக்காருங்களா?” என்று கேட்டார். போய் நெடுநாளாயிற்று என்று நான் உறுதி சொன்ன பிறகுதான் கும்பிட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு சிலைக்கும் நான் உறுதி சொல்லவேண்டியிருந்தது. சுவர்ப்படங்களுக்கு உறுதி சொல்ல எனக்குத் துணிவில்லை.

அரண்மனையில், கண்ணாடிக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது செல்லக்கண்ணுவின் போன் அடித்தது. ஓசூரில் ஷிப்டு முடிந்து, போனைக் கையில் வாங்கிய கவின்ராஜ். “அம்மா! அம்மா!” என்ற அவன் கதறல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“கத்தாதடா. அரமனையில இருக்கறேன்” என்றார் செல்லக்கண்ணு. “உங்க மாமன் கூட. ஆமா, மாமன்தான். அழுவாத கண்ணு. நான் எங்கியும் போகுல. சரி, இரு, அவங்ககிட்டப் பேசு.” போனை நீட்டினார். தொட்டையன் அதைத் தலைகீழாகக் காதில் வைத்துக்கொண்டு, எதிரில் ஆள் நிற்பதைப் போலத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். “ம்… ம்… நல்லாத்தான் இருக்கறா. எளச்சிருக்கறா” என்றார்.

பொழுது சாயும் நேரத்தில் வேன் மார்க்கெட் வாசலுக்குத் திரும்பியது. எங்கள் இருவரையும் இறக்கிவிட்டு அவர்கள் கிளம்பவேண்டும். பாதி ஜனம் கால் நீட்ட இறங்கியது, டீ குடித்தது, மறுபடி ஒவ்வொருவராக ஏறியது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு முதலில் புரியவில்லை. சாவுக்கு வந்தவர்கள் சொல்லிக்கொண்டு போகக்கூடாது. காலையில் அந்த நினைப்போடு புறப்பட்டவர்களுக்கு, நடுவில் தோசை தின்று அரண்மனை பார்த்த பிறகும், கிளம்புகிற வேளையில் பழக்கம் வந்து வாயைக் கட்டிவிட்டது. தொட்டையனும் தங்கையைப் பார்க்காமல் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

செல்லக்கண்ணு கக்கத்துப் பட்டுச்சேலையோடு ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டார்.

“நிறுத்து வண்டிய! சொல்லாமக் கொள்ளாமப் போறதுக்கு இங்க என்ன எழவா உழுந்திருக்குது? எறங்குங்க. எல்லாரும் எறங்குங்க. வாயத் தொறந்து சொல்லிப்போட்டுப் போங்க!”

பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. போலீஸ்காரர் விசில் ஊதினார். ஒருவர் விடாமல் வேனிலிருந்து இறங்கினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல வரிசையில் வந்து, செல்லக்கண்ணுவின் முகத்தைப் பார்த்து, “போய்ட்டு வாரேன்” என்றார்கள். கனகாவின் பையன் கையை மட்டும் ஆட்டினான். அது செல்லாது என்று திருப்பி அனுப்பப்பட்டு, வாயால் சொன்னான். லிங்கம்மா எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு தடவை சொன்னார்.

தொட்டையன் கடைசி. மேல்துண்டை எடுத்து மறுபடி அதே தோளில் போட்டார்.

“அம்மிணி, ஆனி மாசம் கனகா பையனுக்குக் காதுகுத்து. ஆருகிட்டயும் சொல்லியனுப்புல. நேர்ல நின்னு சொல்றேன். நீ வரோணும்.” வேன் பக்கம் ஓரடி வைத்துத் திரும்பினார். “போய்ட்டு வாரேன்.”

செல்லக்கண்ணு அண்ணனின் முழங்கையைத் தாங்கி முன்சீட்டில் ஏற்றிவிட்டார். கதவைச் சாத்தினார். பிறகு பஸ் கண்டக்டரைப் போல, வேனின் தகரத்தில் உள்ளங்கையால் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார்.